சல்லேகனையைத் தடை செய்யலாமா? (கடவுள் உண்டா இல்லையா சண்டை இங்கே வேண்டாம்)

செஞ்சிவாசி:

இந்தூரில் மூளைக்கட்டியோடு இருந்த மூன்று வயதுக் குழந்தைக்கு, சாகும்வரை உண்ணாமல் இருக்கும் சமண விரதத்தைக் கொடுத்த விஷயத்தில் இங்கே நடந்த அடிதடியைப் பார்த்த பிறகு, இதைத் தனி இழையாகவே தொடங்கிவிடலாம் என்று தோன்றியது. அங்கே பாதிப்பேர் "மதம் என்றாலே இப்படித்தான்" என்றார்கள். மீதிப்பேர் "எங்கள் நம்பிக்கையில் மூக்கை நுழைக்க நீ யார்" என்றார்கள். கடைசியில் யார் எந்தக் கட்சி, யார் என்ன சாதி என்று போய் முடிந்தது. அந்த மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமணத்தில் சல்லேகனை என்று ஒரு விரதம் உண்டு, வடக்கே சுவேதாம்பரப் பிரிவுச் சமணர்கள் சந்தாரா என்பார்கள். உடம்பு இனித் தேறாது என்ற நிலையில் உணவைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் தண்ணீரையும் விட்டு, தியானத்திலேயே உயிரை விடுவது. 2006இல் ராஜஸ்தானில் இதற்கு எதிராக ஒரு பொதுநல வழக்குப் போனது. 2015 ஆகஸ்ட் 10 அன்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், இது சமணத்தின் இன்றியமையாத பகுதி என்று நிரூபிக்கப்படவில்லை என்றது. விரதம் இருப்பவர் மீது தற்கொலை முயற்சி வழக்கு, கூட நிற்பவர்கள் மீது தற்கொலைக்கு உடந்தை என்று வழக்கு. ஊர் ஊராகச் சமணர்கள் கடையை அடைத்துவிட்டு வாய்திறக்காமல் ஊர்வலம் போனார்கள். அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

சௌகார்பேட்டை சேட்டுகள் விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் திருநாதர்குன்று என்று ஒரு பாறை இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். அங்கேயே 57 நாள் உண்ணாமல் நோற்று இறந்த சந்திரநந்தி ஆசிரியருக்கு ஒரு கல்வெட்டு. 30 நாள் நோற்ற இளையபடாரருக்கு இன்னொன்று. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. சமணமே வேண்டாம், புறநானூற்றைத் திறந்தால் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து செத்த கதை 213ஆம் பாட்டிலிருந்து வரிசையாக வருகிறது.

நான் சாமி கும்பிடுகிறவன், பெரிய பக்திமான் இல்லை. சாமி இல்லை என்பவர்களோடும், எல்லாம் சாமிதான் என்பவர்களோடும் ஒரே தெருவில், ஒரே சட்டத்துக்குக் கீழே வாழவேண்டியிருக்கிறது. இந்த மாதிரி விஷயத்தில் "உன் நம்பிக்கை சரியா தப்பா" என்று கேட்டால் விடிய விடியப் பேசலாம், ஒரு அடி நகராது. நான் கேட்க விரும்புவது வேறு. விரதம் இருக்கிறவர் நடுவில் மனசு மாறி "ஒரு வாய் கஞ்சி கொடுங்கள்" என்று கேட்க முடியுமா? கேட்டால் அந்த வீட்டில் கொடுப்பார்களா? கொடுப்பார்கள் என்றால் அரசு விலகி நிற்கட்டும், இல்லையென்றால் உள்ளே வரட்டும். இதற்கு நம்பிக்கை இருக்கிறவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி பதில் சொல்ல முடியும் இல்லையா?


கருப்புச்சட்டை மதுரை:

கேள்வி நன்றாக இருக்கிறது தோழர், ஆனால் ரொம்ப அப்பாவித்தனமாக இருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது? வீட்டில் ஒரு வயசான அம்மா விரதம் எடுக்கிறார் என்று தெரிந்ததுமே நாளிதழில் விளம்பரம், வாசலில் பந்தல், பஜனை, வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொண்டு போகிறது. நேற்றுவரை மருமகளிடம் காபி கேட்கத் தயங்கிய கிழவி இன்று பாதி தெய்வம். அத்தனை பேர் கும்பிட்ட பிறகு "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? கயிறு போட்டுக் கட்டினால்தான் கட்டாயமா?

நம் பக்கத்திலேயே பாருங்கள். மதுரை, விருதுநகர், தேனிப் பக்கம் தலைக்கூத்தல் என்ற பேச்சைக் கேட்காதவர் உண்டா? படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து இளநீர் கொடுத்துச் சாகவிடுவது. அங்கே சாமியும் கிடையாது, மோட்சமும் கிடையாது. ஊர் என்ன சொல்கிறது? "பெரியவரே போதும்னுட்டார்." சாகப்போகிறவர் போதும் என்றாரா, பார்த்துக்கொள்கிறவர்கள் போதும் என்றார்களா என்று விசாரிக்க எந்தப் போலீஸ் போனது?

1987இல் ராஜஸ்தானில் தேவ்ராலா கிராமத்தில் பதினெட்டு வயதுப் பெண் சிதையில் எரிந்தபோதும் "அவளாகவே ஏறினாள்" என்றுதான் சொன்னார்கள், சாமியாக்கிக் கும்பிடவும் செய்தார்கள். அதன் பிறகுதான் சதியைப் புகழ்வதே குற்றம் என்று தனிச்சட்டம் வந்தது. தானாக முன்வந்தார் என்ற வார்த்தையை மதம் சொல்லும்போது நான் இரண்டு தடவை சந்தேகப்படுவேன், அந்தச் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது.


பல்லாவரம் பாலா:

சாகிறவன் சாகட்டும் விடுங்கப்பா, கோர்ட்டுக்கு வேற வேலை இல்லையா.


நயினார் வீட்டுப் பெண்:

கருப்புச்சட்டை அண்ணாவுக்கு. நான் தமிழ்ச் சமணக் குடும்பம், வந்தவாசிப் பக்கம். எங்களை வடநாட்டுக்காரர்கள் என்று நினைத்துப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே சலித்துவிட்டது, அதை விடுங்கள்.

முதலில் ஒன்று. எங்கள் சமயத்தில் உலகத்தைப் படைத்த கடவுள் கிடையாது. அந்த விஷயத்தில் நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்து வீடு.

சல்லேகனைக்குச் சாத்திரம் சொல்லும் நிபந்தனைகள் இவை: தப்ப முடியாத ஆபத்து, கடும் பஞ்சம், தள்ளாத முதுமை, தீராத நோய். சமண ஆசிரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகம் என்ற நூலில் சொன்னதையே தமிழில் அருங்கலச்செப்பும் சொல்கிறது. கஷ்டம் தாங்காமல், கடன் தாங்காமல், கோபத்தில் உட்கார இடமே இல்லை. அப்புறம் விரதத்தில் இருக்கும்போது ஐந்து குற்றங்கள் வரக்கூடாது என்பார்கள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே என்று ஆசைப்படுவது ஒன்று. சீக்கிரம் செத்துவிட்டால் தேவலை என்று ஆசைப்படுவது இன்னொன்று. பயம், பழைய உறவுகளை நினைத்து உருகுவது, இதனால் அடுத்த பிறவியில் இன்னது கிடைக்கும் என்று கணக்குப் போடுவது மற்ற மூன்று. சாக ஆசைப்படுவதையே குற்றம் என்று எழுதி வைத்திருக்கும் ஒன்றைத் தற்கொலை என்று சொல்வது எங்களுக்கு எப்படி வலிக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. என் பெரிய பாட்டிக்கு ஈரலில் புற்று. சென்னையில் பார்த்த டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பாட்டி சல்லேகனை வேண்டும் என்று கேட்டார். அப்போது எங்கள் பக்கம் வந்து தங்கியிருந்த முனிவரிடம் போய்ச் சொன்னோம். அவர் வந்து பாட்டியிடம் வெகுநேரம் பேசினார். சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. யார்மேல் கோபம், யார் மன்னிக்கவில்லை, சொத்தில் என்ன பாக்கி என்று இப்படியேதான் கேட்டார். பாட்டிக்குச் சின்ன மகன்மேல் தீராத ஆத்திரம், கிணற்றுப் பங்கு விவகாரம். "நான் செத்தால்தான் அவனுக்குப் புத்தி வரும்" என்று பாட்டி சொன்னதும் முனிவர் எழுந்துவிட்டார். இது விரதம் இல்லை, பிள்ளையைத் தண்டிக்கப் பார்க்கிறாய், மருந்தைச் சாப்பிடு என்று சொல்லிவிட்டார். பாட்டி அதன்பிறகு நாலைந்து மாதம் கஞ்சி குடித்துக்கொண்டு, சின்னச் சித்தப்பாவைத் திட்டிக்கொண்டு இருந்துதான் போனார்.

இது எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நாளிதழ் விளம்பரமும் பந்தலும் எனக்கும் பிடிக்காது.


சட்டப்புத்தகம்:

நயினார் வீட்டுப் பெண் சொன்னதில் சட்டத்துக்குத் தேவையான விஷயமே அந்த முனிவர் கேட்ட கேள்விகள்தான். அதற்கு முன்னால் பாலாவுக்கு ஒரு வார்த்தை: கோர்ட்டுக்கு வேலை இருக்கிறது, ஏனென்றால் கோர்ட்டே இந்த விஷயத்தில் முப்பது வருடமாகத் திசை மாறி மாறித்தான் போயிருக்கிறது.

1994இல் உச்ச நீதிமன்றம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே செல்லாது என்றது, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமையும் அடக்கமாம். 1996இல் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அதெல்லாம் இல்லை என்று மாற்றினார்கள், ஆனால் இயற்கையாகவே முடிந்துகொண்டிருக்கும் உயிர் கண்ணியமாக முடிவது வேறு விஷயம் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். 2011இல் மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் அந்த ஜன்னல் இன்னும் அகலமானது. 2018 மார்ச் 9 தீர்ப்பில், தேறாத நிலைக்குப் போனால் எனக்குக் குழாய் வைக்காதே, இயந்திரம் வைக்காதே என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. சாமி நம்பிக்கை இல்லாத ஒருவர் "எனக்கு உணவுக்குழாய் வேண்டாம்" என்று எழுதி வைத்தால் அது கண்ணியம், தன்னுரிமை. அதே உடல்நிலையில் ஒரு சமண மூதாட்டி "எனக்கு உணவு வேண்டாம், இது என் விரதம்" என்றால் ராஜஸ்தான் தீர்ப்புப்படி குற்றம். மறுத்தது ஒரே பொருளை. காரணம் மதம் என்பதால் மட்டும் ஒரு மறுப்பு மட்டமாகிவிடுமா? மதச்சார்பின்மைக்கு அப்படி ஒரு அர்த்தம் நம் அரசியல் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

மதக்காரர்களும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். 25ஆம் பிரிவு மத உரிமையைக் கொடுக்கும்போதே பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் மூன்றுக்கும் உட்பட்டு என்றுதான் கொடுக்கிறது. "எங்கள் மதம், கேட்காதே" என்று சொல்லி 25ஐக் காட்ட முடியாது.

எனக்குப் பிடிக்காதது அந்த "இன்றியமையாத பகுதி" சோதனைதான். 1954 சிரூர் மடம் வழக்கில் எது முக்கியம் என்பதை அந்த மதத்தின் கோட்பாட்டை வைத்தே பார்க்க வேண்டும் என்றார்கள். போகப்போக நீதிபதிகளே ஓலைச்சுவடி புரட்டி, இது உங்கள் மதத்துக்கு முக்கியம், அது இல்லை என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மதச்சார்பற்ற நீதிமன்றம் செய்யவே கூடாத வேலை அது. 1986 பிஜோ இமானுவேல் வழக்கில் வேறு வழி காட்டினார்கள். கேரளாவில் யெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், தேசியகீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை, பள்ளியை விட்டு நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் அந்த நம்பிக்கை நமக்கு நியாயமாகப் படுகிறதா என்று பார்க்கவில்லை. உண்மையாக, மனசாரப் பிடித்திருக்கிறார்களா, அதனால் யாருக்காவது கேடு வருகிறதா என்று பார்த்தது. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். மதம் சம்பந்தப்பட்ட ஒழுக்கக் கேள்வியைப் பொதுவில் பேச இதைவிட ஒழுங்கான வழி எனக்குத் தெரியவில்லை.


கருப்புச்சட்டை மதுரை:

வக்கீல் சார், தேசியகீதம் பாடாமல் நின்றால் யாரும் சாவதில்லை. உயிர் போகிற இடத்தில் "மனசார நம்புகிறார்" என்பது போதாது. தேவ்ராலாவிலும் மனசார நம்பியிருக்கலாம்.

நயினார் வீட்டுத் தங்கச்சி, அந்த முனிவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பாட்டி உயிர் அந்த ஒரு மனிதர் நல்லவராக இருந்ததால் பிழைத்தது. வேறொருவர் வந்திருந்தால்? அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தால் மருத்துவர்மீது வழக்குப் போடலாம், கோப்பு இருக்கும், கையெழுத்து இருக்கும். உங்கள் சங்கத்தில் கோப்பு எங்கே?

உயிரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரியார் கடைசி வருடங்களில் சிறுநீருக்குக் குழாய் போட்டு, அந்தக் கலத்தையும் கூடவே தூக்கிக்கொண்டுதான் ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போனார். 1973 டிசம்பர் 19 தியாகராயநகர்க் கூட்டத்தில் வலியில் துடித்துக்கொண்டே பேசினார், 24ஆம் தேதி வேலூரில் இறந்தார். உடம்பு கெட்டுவிட்டது என்று அவர் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒழுக்கம் என்றால் அதுதான், கடைசி நாள்வரை அடுத்தவனுக்குப் பயன்படுவது.


செஞ்சிவாசி:

தோழர், அந்தக் கோப்புக் கேள்வி சரியான கேள்வி, அதற்கு வருவோம். ஆனால் பெரியாரை இழுத்ததால் நானும் ஒருவரை இழுக்கிறேன். சங்கரலிங்கனார். 1956 ஜூலை 27இல் விருதுநகரில் உட்கார்ந்தார், தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உட்பட கோரிக்கைகள். அக்டோபர் 13இல் இறந்தார். நீங்களும் நானும் அவரைத் தியாகி என்கிறோம், சிலைக்கு மாலை போடுகிறோம். கடவுள், மோட்சம் எதுவும் கலக்காத சாவு அது, ஆனால் அவரைச் சுற்றியும் கூட்டம் இருந்தது, கொள்கை இருந்தது, எழுந்திருக்க முடியாத கௌரவம் இருந்தது. அங்கே உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. மொழிக்காகச் சாகலாம், ஆன்மாவுக்காகச் சாகக்கூடாது என்றால் அதுவும் ஒரு நம்பிக்கைதானே.


கருப்புச்சட்டை மதுரை:

அவர் கேட்டது அவருக்கு இல்லை, நமக்கு. அந்த வித்தியாசம் சின்னதா?

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன், அவரை எழுப்பிச் சாப்பிட வைத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அண்ணாவே போய்க் கேட்டுப் பார்த்தார் என்பார்கள். மாலை போடுவது வேறு, சாவு நல்லது என்பது வேறு.


சட்டப்புத்தகம்:

இடையில் ஒரு குறுக்கீடு. 2024 ஜூலை 1இலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா. பழைய 309 அதில் இல்லை. ஆனால் 226 என்று ஒரு பிரிவு இருக்கிறது: அரசு ஊழியரை ஒரு காரியம் செய்யவோ செய்யாமல் இருக்கவோ கட்டாயப்படுத்துவதற்காகத் தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. ஆக, இன்றைக்குச் சங்கரலிங்கனார் உட்கார்ந்தால் உள்ளே போக வாய்ப்பு உண்டு. சல்லேகனை இருக்கிற பாட்டிமேல் அந்தப் பிரிவு பாயாது. கூட இருப்பவர்கள் கதை வேறு, தற்கொலைக்கு உடந்தை என்பது புதுச்சட்டத்திலும் 108ஆக அப்படியே இருக்கிறது.

மணிப்பூரில் உண்ணாவிரதப் போராட்டம் நடத்திய இரோம் ஷர்மிளாவுக்கு 2000இலிருந்து 2016வரை மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு ஏற்றினார்கள், 309ஐக் காட்டித்தான் காவலில் வைத்தார்கள். உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று அரசு உள்ளே வந்தால் அது எந்த உருவத்தில் வரும் என்பதற்கு அதுவும் ஒரு உதாரணம். வினோபா பாவே 1982 நவம்பரில் பவுனார் ஆசிரமத்தில் உணவையும் மருந்தையும் மறுத்து இறந்தார், அவருக்கு யாரும் குழாய் கொண்டு வரவில்லை. சட்டம் ஒன்றுதான்!


வார்டு டாக்டர்:

நான் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன். உங்கள் தத்துவத்துக்குள் போகவில்லை, செஞ்சிவாசியின் "நடுவில் எழுந்து கஞ்சி கேட்க முடியுமா" சோதனைக்கு வருகிறேன். அதில் இரண்டு ஓட்டை இருக்கிறது.

ஒன்று, உடம்பு. பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் சரிந்து இதயமே நிற்கலாம். ஆக, ஒரு கட்டத்துக்கு மேல் மனசு மாறினால் வீட்டில் கஞ்சி கொடுத்துச் சமாளிக்க முடியாது, ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். வழக்குப் பயத்தில் இருக்கும் குடும்பம் ஆஸ்பத்திரிக்கு வருமா? குற்றமாக்கினால் இதுதான் நடக்கும், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும்.

இரண்டு, புத்தி. கடைசிக் கட்டத்தில் நினைவு தப்பித் தப்பி வரும். பிதற்றல் இருக்கும். அந்த நிலையில் "தண்ணி" என்று முனகினால் அது மனமாற்றமா, வெறும் உடம்பு கேட்பதா? தெளிவாக இருந்தபோது வேண்டாம் என்று உறுதியாகச் சொன்ன ஆளின் பேச்சைக் கேட்பதா, இப்போது முனகுகிற ஆளின் பேச்சைக் கேட்பதா? இது சமணர்களுக்கு மட்டும் வருகிற கேள்வி இல்லை, 2018 தீர்ப்புப்படி எழுதி வைத்தவருக்கும் இதே கேள்விதான் வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். புற்றுநோய் முற்றியவர்களுக்குப் பசி தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் படுத்துகிற பாடு இருக்கிறதே! "ரெண்டு நாளா ஒண்ணும் இறங்கல டாக்டர், ட்யூப் போட்டுடுங்க." படுத்திருப்பவர் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்பார். போட்டால் பலசமயம் நுரையீரலுக்குள் போய் நிமோனியாதான் மிச்சம். அதே வார்டில் அடுத்த கட்டிலில் நேர்மாறு. செலவு தாங்காமல், தேறக்கூடிய ஆளையே, "எங்க சொந்தப் பொறுப்பில் கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அதற்கு எந்த மதமும் பொறுப்பில்லை. அந்தச் சாவுகளுக்கு எதிராக ஒரு பொதுநல வழக்கையும் நான் பார்த்ததில்லை.


நயினார் வீட்டுப் பெண்:

டாக்டர் சார் கேட்ட தண்ணீர்க் கேள்விக்கு நான் மழுப்பாமல் சொல்கிறேன். என் வீட்டில் என்றால் கொடுப்பேன். விரதம் கலைந்தது என்றால் கலையட்டும். ஆனால் எங்கள் பழைய நூல்களில், விரதம் இருப்பவர் பக்கத்தில் மூத்த துறவிகள் இருந்து, மனம் தளரும்போது அறவுரை சொல்லித் திடப்படுத்த வேண்டும் என்றுதான் இருக்கிறது. உங்களுக்கு அது அழுத்தமாகத் தெரியும், எங்களுக்குத் துணை. எங்கே துணை முடிந்து அழுத்தம் ஆரம்பிக்கிறது என்று எனக்கே சில சமயம் தெரிவதில்லை.


கருப்புச்சட்டை மதுரை:

இந்த ஒரு பதிலுக்காகவே உங்களுக்கு வணக்கம் தங்கச்சி. இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த "தெரியவில்லை"யை உங்கள் சங்கத்துப் பெரியவர்கள் ஒருவராவது மேடையில் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் மேடையிலும் கேட்டதில்லை என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம், கேளுங்கள்.


மட்டுறுத்துநர்:

பேச்சு நல்லபடியாகப் போகிறது, தொடருங்கள். ஒரு குறிப்பு மட்டும். இந்த இழையைப் படிக்கும் யாருக்காவது சாக வேண்டும் என்ற எண்ணம் வந்து வாட்டினால், தயவுசெய்து டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். நெருங்கிய ஒருவரிடமும் சொல்லுங்கள். விரத முறை, நாட்கணக்கு, வழிமுறை பற்றிய பதிவுகளை நீக்கிவிடுவேன். பாலாவின் இரண்டாவது பதிவு நீக்கப்பட்டது, காரணம் அவருக்கே தெரியும்.


அம்மிக்கல்:

எல்லோரும் பாட்டிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். குழந்தைகள்? 2016இல் ஹைதராபாத்தில் பதின்மூன்று வயதுப் பெண் 68 நாள் விரதம் முடித்து இரண்டொரு நாளில் செத்துப்போனாள். அது சல்லேகனை இல்லை, தவம் என்று சொன்னார்கள். ஊர்வலத்தில் பால தபஸ்வி என்று கொண்டாடினார்கள். 2025 மார்ச்சில் இந்தூரில் மூளைக்கட்டியோடு இருந்த மூன்று வயதுக் குழந்தைக்குச் சந்தாரா, சடங்கு முடிந்த சற்று நேரத்தில் உயிர் போனது, உலக சாதனை என்று ஒரு சான்றிதழ் வேறு. எனக்கும் அந்த வயதில் ஒன்று இருக்கிறது. மூன்று வயதுக்கு விரதம் என்றால் என்ன தெரியும்?


நயினார் வீட்டுப் பெண்:

ஒன்றும் தெரியாது. தானே உணர்ந்து தானே ஏற்றுக்கொள்ள வேண்டிய விரதத்தை இன்னொருவர் எடுத்துக் கொடுக்க முடியாது, எங்கள் சாத்திரப்படியே அது செல்லாது என்பதுதான் என் கருத்து. சான்றிதழைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பெற்றோரை இங்கே கொலைகாரர்கள் என்று எழுதினார்கள், அதையும் என்னால் படிக்க முடியவில்லை. அறுவை சிகிச்சை பார்த்து, திரும்பவும் கட்டி வந்து, கையில் இருக்கும் பிள்ளை போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பெற்றோர் அவர்கள்.


வார்டு டாக்டர்:

சாகப்போகும் குழந்தைக்கு மந்திரம் சொல்லட்டும், தீர்த்தம் தெளிக்கட்டும், தாயத்துக் கட்டட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன், நின்றதும் இல்லை. ஆனால் வலி மருந்தையும், வாயில் போகிற பாலையும் நிறுத்த பெற்றோருக்கு மத உரிமை கிடையாது. வயது வந்தவர் தனக்கு ரத்தம் ஏற்றக்கூடாது என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவோம், பிள்ளைக்கு ஏற்றக்கூடாது என்றால் நீதிமன்றத்துக்குப் போவோம். அதே கோடுதான்.


செஞ்சிவாசி:

பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது என்பதில் இங்கே யாருக்கும் சண்டை இல்லை போலிருக்கிறது. அந்த ஹைதராபாத் பெண்ணுக்குப் பிறகாவது சமணச் சங்கங்களே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கருப்புச்சட்டைத் தோழரின் கோப்புக் கேள்விக்கு வருகிறேன். கோப்பெருஞ்சோழன் கதையில் பொத்தியார் என்று ஒரு புலவர். அவரும் அரசனோடு வடக்கிருக்க வந்து உட்காருகிறார். சோழன் விடவில்லை. உன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, பிள்ளை பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்புகிறான். பிசிராந்தையாருக்கு மட்டும் இடம் ஒதுக்கி வைக்கிறான். சாவதற்கும் தகுதி பார்த்திருக்கிறார்கள், உன்னை நம்பி யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த முனிவர் கிணற்றுப் பங்கைக் கேட்டதும் அதே மாதிரிக் கேள்விதான். இந்தக் கேள்விகளை எழுத்தில் கொண்டு வந்தால் என்ன? வீட்டுக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவர் தனியாகப் பேசட்டும், சொத்து யாருக்குப் போகிறது என்று பதியட்டும், விளம்பரமும் பந்தலும் கூடாது. அவர் வாரா வாரம் வந்து "தொடர்கிறீர்களா" என்று கேட்கட்டும், வாரிசுகளை வெளியே அனுப்பிவிட்டு.


கருப்புச்சட்டை மதுரை:

விளம்பரம் கூடாது என்பதற்கு முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அரசாங்க மருத்துவர் வாரா வாரம் வந்து ஒருவர் சாவதைக் கையெழுத்துப் போட்டு ஒழுங்குபடுத்துவது எனக்கு ஒப்பவில்லை. தலைக்கூத்தலுக்கும் நாளைக்கு ஒரு படிவம் கேட்பார்கள். தேறாத நோய் என்று மருத்துவம் சொன்னால் 2018 தீர்ப்பு இருக்கிறதே, சமணர்களும் அந்த வழியிலேயே வரட்டும், தனி வாசல் எதற்கு? முதுமை மட்டும் காரணம் என்றால் என் பதில் கூடாதுதான்.


நயினார் வீட்டுப் பெண்:

அண்ணா, எண்பத்தெட்டு வயதில், நோய் என்று பெயர் வைக்க ஒன்றும் இல்லாமல், இரண்டு கண்ணும் போய், எழுந்து சாமியறைவரை நடக்க முடியாத ஒருவர் "போதும்" என்றால் அவரை என்ன செய்வீர்கள்? வாயைத் திறந்து ஊட்டுவீர்களா?


கருப்புச்சட்டை மதுரை:

பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்து ஊட்டமாட்டேன். ஆனால் அதை விரதம் என்று பெயர் வைத்துக் கும்பிடவும் மாட்டேன், அவருக்கு என்ன மனக்குறை என்று தோண்டித்தான் பார்ப்பேன்.


நயினார் வீட்டுப் பெண்:

அந்த முனிவர் செய்ததும் அதேதான்.


அம்மிக்கல்:

வக்கீல் சார், ஒரு சந்தேகம். 2018 தீர்ப்புப்படி எழுதி வைப்பது எப்படி? என் மாமனார் இந்த இழையைப் படித்துவிட்டு நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும் என்றார்கள்.


சட்டப்புத்தகம்:

அந்தத் தொல்லை 2023 ஜனவரியில் போய்விட்டது. வயது வந்தவர், தெளிவான புத்தியோடு, இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தனக்காக முடிவு சொல்லக்கூடிய நம்பகமான ஒருவர் பெயரை எழுத வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்டவரையும் போடலாம். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்திலேயே ரத்து செய்யலாம். நடைமுறைக்கு வரும்போது மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பிரதி குடும்ப டாக்டரிடம் கொடுத்து வையுங்கள், பீரோவில் பூட்டி வைத்தால் ஆபத்து நேரத்தில் சாவி கிடைக்காது. மாமனார் யார் பெயரைப் போடப்போகிறார் என்பதை மட்டும் அவரே தனியாக உட்கார்ந்து முடிவு செய்யட்டும், நீங்கள் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.